அரியணையும் தோராச் சுருளும்

யூத மரபில் அரசன் சட்டத்தை ஆக்குபவன் அல்லன், அதற்குக் கட்டுப்பட்டவன். யூத மறைநூலான தோராவின் ஐந்தாம் நூல் உபாகமம்; அதன் 17ஆம் அதிகாரம், குதிரைகளையும் மனைவியரையும் பொன் வெள்ளியையும் மிகுதியாகச் சேர்க்கக் கூடாதென அவனைத் தடுத்துவிட்டு, அரியணை ஏறியதும் தோராவின் படியொன்றைத் தனக்கென எழுதி, தன் சகோதரருக்கு மேலாக மனம் செருக்குறாதபடி வாழ்நாளெல்லாம் வாசிக்கச் சொல்கிறது. (மூன்று தடைகளையும் மீறியவர் ஞானத்திற்குப் பேர்பெற்ற அரசர் சாலமோன் என்பதுதான் வேடிக்கை.) அந்தச் சுருள் தாயத்தைப் போலக் கையில் கட்டப்பட்டு, அவன் செல்லுமிடமெல்லாம் உடன் செல்லும் என்கிறது, யூத அறிஞர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தால்முது.

12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடெஸ் தொகுத்த அரசர் விதிகளே எனக்கு இன்னும் நுட்பமாகத் தோன்றுகின்றன. அறிஞர்கள் வந்தால் அரசன் எழுந்து அவர்களைத் தன்னருகே அமர்த்த வேண்டும். யூதாவின் அரசர் யோசபாத், மாணவன் ஒருவனைக் கண்டால்கூட அரியணையிலிருந்து எழுந்து முத்தமிட்டு, 'என் ஆசானே' என்று அழைப்பாராம். ஆனால் இவையெல்லாம் தனிமையில் மட்டுமே. அரசனைப் பற்றிய அச்சம் குடிகளின் உள்ளத்தில் நிலைக்க வேண்டும் என்பதால், மக்கள் முன்னிலையில் அவன் யாருக்காகவும் எழுவதில்லை. இறைவாக்கினரும் அரசன் முன் நின்று வணங்க வேண்டும் என்பதற்கு அந்நூல் காட்டும் சான்று, அரசர் தாவீதின் முன் தரையில் விழுந்து வணங்கிய நாத்தான்; தன் படைவீரன் உரியாவைக் கொல்வித்த அதே தாவீதிடம், அநீதி இழைத்த ஒருவனின் கதையைச் சொல்லி, 'அந்த மனிதன் நீயே' என்று நேருக்கு நேர் சொன்னவரும் அவர்தான்.