மெண்டோட்டா ஏரி இன்னும் உறையவில்லை

நவம்பர் 9, சனி

இந்த வருடத்துக்குத் தெருச்சந்தை இன்றோடு முடிந்தது, இனி ஏப்ரல் வரை கட்டடத்துக்குள்தான். விஸ்கான்சின் தலைநகரான இந்த மேடிசனில் சனிக்கிழமை என்றால் ஊரே கேபிட்டலை, அதாவது மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தை, சுற்றும், அதுவும் அப்பிரதட்சிணமாக. யார் வைத்த வழக்கமோ தெரியாது, எதிர்த்து நடந்தால் கூட்டம் முறைக்கிறது. பசலைக்கீரையும் கேலும் மலிவாகக் குவிந்து கிடந்தன. இவர் சாப்பிடுவது ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை, கீரை கூடினால் அதன் வேலை குறையும். ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லிவிட்டார்கள், கீரையை அடியோடு விட வேண்டாம், வாரத்துக்கு வாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்று. ஒரே அளவு என்றால் எவ்வளவு? ஒரு கரண்டியா, ஒரு கிண்ணமா? அதை நினைத்துக்கொண்டே ஒரு சுற்று முழுக்க நடந்து, கடைசியில் சீஸ் கர்ட்ஸ் என்ற சின்னச் சீஸ் கட்டிகளை மட்டும் வாங்கினேன். புதியதாக இருந்தால் கடிக்கும்போது கீச்சென்று சத்தம் வரும். வந்தது. இவர் சிரித்தார்.

நவம்பர் 12

ரத்தப் பரிசோதனையில் INR 1.6. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண் அது. குறைவு. 2-லிருந்து 3-க்குள் இருக்க வேண்டுமாம்.

நவம்பர் 15

இன்றிலிருந்து மார்ச் 15 வரை ராத்திரி வண்டி நிறுத்தும் விதி. இரட்டைப்படைத் தேதியில் இரட்டைப்படை வீட்டு எண் இருக்கும் பக்கம், ஒற்றைப்படையில் மறுபக்கம், இரவு ஒரு மணிக்கு மேல் பனி தள்ளும் வண்டிக்கு வழி விட. கணக்கில் எடுப்பது விடியும் தேதியை. போன வருடம் வரை இது இவர் வேலை. இப்போது பத்து மணிக்கு நான் கோட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்குகிறேன், இவர் ஜன்னலில் நின்று கை காட்டி வழி சொல்கிறார், நான் பார்க்காதது போல ஓட்டுகிறேன்.

நவம்பர் 23

மான் வேட்டை தொடங்கிவிட்டது, ஒன்பது நாள். பெட்ரோல் பங்கில் எல்லோரும் பளீர் ஆரஞ்சுச் சட்டை. தலைநகரம்தான், ஆனாலும் இருபது நிமிடம் ஓட்டினால் சோளக்காடும் மாட்டுக் கொட்டகையும் வந்துவிடும்.

நவம்பர் 28

விடுமுறை. ரத்தம் எடுக்குமிடம் மூடியிருக்கிறது, திங்கள் வரை காத்திருக்க வேண்டும். வான்கோழி ஒரு துண்டு கீழ்வீட்டுப் பாட்டி கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு சீட்டு: மெண்டோட்டா எந்தத் தேதி உறையும் என்று எழுதித் தரவாம், ஒரு டாலர் பந்தயம். இவர் டிசம்பர் 20 என்று எழுதினார். நான் ஒன்றும் எழுதவில்லை.

டிசம்பர் 4

தூக்கமில்லை. இவருடைய மாத்திரையைப் பற்றி ராத்திரி முழுக்கப் படித்தேன், படித்திருக்கக் கூடாதோ என்னவோ. வார்ஃபரின் இந்த ஊரில் பிறந்தது! 1933 பிப்ரவரியில், பனிப்புயலில், டீர் பார்க் என்ற ஊரிலிருந்து ஒரு விவசாயி சுமார் 190 மைல் வண்டி ஓட்டி வந்திருக்கிறார், செத்துப்போன கிடாரியும் உறையவே உறையாத ரத்தம் ஒரு பால்கேன் நிறையவும் கெட்டுப்போன வைக்கோலுமாக. சனிக்கிழமை, கால்நடை மருத்துவர் அலுவலகம் பூட்டியிருந்தது. (விடுமுறையில் பூட்டுவது அன்றைக்கும் உண்டு போல.) திறந்திருந்த கதவு பல்கலைக்கழகத்து உயிர்வேதியியல் கட்டடத்தில், கார்ல் லிங்க் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில். வைக்கோலில் இருந்தது என்னவென்று பிரித்தெடுக்க அவர்களுக்கு ஆறு வருடம் ஆனது. அதிலிருந்து பிறந்ததுதான் வார்ஃபரின். 1948-இல் முதலில் எலிப் பாஷாணமாக விற்றார்கள். 1955-இல் அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கே கொடுத்தார்கள். காப்புரிமை பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு. அந்த அறக்கட்டளையே வைட்டமின் டி காப்புரிமையில் தொடங்கியது. அதையும்தான் எங்கள் இரண்டு பேருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

காலையில் இவரிடம் சொன்னேன். "அப்போ நான் சாப்பிடறது எலி மருந்தா?" என்று கேட்டுவிட்டு பீச் நிற மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.

டிசம்பர் 10

மோனோனா ஏரிக்கரையில் இருக்கும் மோனோனா டெரஸ் மாநாட்டு மண்டபத்து மாடி வரை நடந்தோம். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1938-இல் வரைந்தது, கட்டி முடித்தது 1997-இல், அவர் செத்து 38 வருடம் கழித்து. இந்த ஊர் எதற்கும் அவசரப்படாது. மேலே பாடகர் ஓடிஸ் ரெடிங்குக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 1967-இல் இதே டிசம்பர் 10 அன்று அவர் விமானம் இந்த ஏரியில் விழுந்தது. வயது 26. கூட இருந்தவர்களில் ஒருவர் மட்டும் பிழைத்தார். இவர் அதைப் படித்துக்கொண்டே நின்றார், குளிர் என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 13

4.22-க்கு அஸ்தமனம். மதியம் என்ற ஒன்றே கிடையாது.

டிசம்பர் 19

மாணவர்கள் பரீட்சை முடித்துக் கிளம்புகிறார்கள். ஸ்டேட் தெருவில் பேருந்துதான் ஓடுகிறது, ஆளில்லை. 2020 கணக்கெடுப்பில் ஊரில் இருந்ததே ஏறக்குறைய 2 லட்சத்து 70 ஆயிரம் பேர், அதில் இத்தனை மாணவர்கள் போனால் என்ன மிஞ்சும்? அரசு ஊழியர்கள், நோயாளிகள், நாங்கள். எங்கள் ஜன்னலிலிருந்து கேபிட்டல் கோபுரம் முழுசாகத் தெரியும். ஒரு மைல் சுற்றளவுக்கு கோபுரத்தடித் தூண்களுக்கு மேலே எதையும் கட்டக் கூடாதென்று சட்டம். நல்ல சட்டம். படுத்துக் கிடப்பவருக்குப் பார்க்க ஏதாவது இருக்கிறது.

டிசம்பர் 21

மோனோனா உறைந்துவிட்டது. ஓரத்தில் ஓட்டை போட்டு மீன் பிடிக்க உட்கார்ந்துவிட்டார்கள், பைத்தியங்கள். மெண்டோட்டா ஆழம் அதிகம், நேரமெடுக்கும். உறைந்ததா என்று முடிவு செய்ய ஒரு பழைய அளவுகோல் உண்டு என்றார் பாட்டி: பிக்னிக் பாயிண்டிலிருந்து மேப்பிள் பிளஃப் வரை துடுப்புப் படகில் போக முடிகிறதா? முடியாவிட்டால் உறைந்தது. அதுவும் மறுநாள் வரை நிலைக்க வேண்டும். 1850-களிலிருந்து குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நான்கு மாதம் பனி நிற்குமாம், இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. இவர் ஒரு டாலரைத் தோற்றுவிட்டார். கேலிக்குக்கூட அதை நான் சொல்லிக் காட்டவில்லை.

டிசம்பர் 24

3.8. இன்று மாத்திரை வேண்டாமென்றார் தொலைபேசியில் நர்ஸ். காய்ச்சலா, புது மருந்தா, சரியாகச் சாப்பிடவில்லையா என்று கேட்டார். எதுவுமில்லை. எதுவுமில்லையென்றால் ஏன் ஏற வேண்டும்? ஈறில் ரத்தம் வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இவருக்குக் கோபம். எனக்கும்தான். இரண்டு பேரும் பேசாமல் ரசம் சாதம் சாப்பிட்டோம்.

டிசம்பர் 25

கீரை ஒரு கரண்டி. அளந்துதான்.

டிசம்பர் 31

2.4!! பாட்டிக்கு பாயசம் கொண்டுபோய்க் கொடுத்தேன், காரணம் சொல்லவில்லை.

ஜனவரி 3

மறுபடியும் 1.7. செவ்வாயும் சனியும் ஏழரை மில்லிகிராம், மற்ற நாள் ஐந்து. மாத்திரையைப் பாதியாக வெட்டும் டப்பா மூலைக் கடையில் தீர்ந்துவிட்டது, நாளைக்கு வேறு கடை பார்க்க வேண்டும்.