கிரப் ரெஸ்க்யூ வந்தால் கோப்புகள் போய்விட்டன என்று பொருள் இல்லை

கணினி பூட் ஆகவில்லை என்றதும் "ஃபார்மட் செய்துவிடலாம்" என்று சொல்கிறவர்கள்மேல் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. அரசுக் கலைக் கல்லூரி ஒன்றின் கணினி ஆய்வகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாணவர்கள் வந்து நிற்பது இங்கே வழக்கம். சிலர் நேரே என்னிடம் வருகிறார்கள். சிலர் முதலில் கடைக்குப் போய், எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மட்டும் போட்டு வாங்கிக்கொண்டு, "மேடம், பழைய கோப்புகளை எடுக்க முடியுமா?" என்று கேட்கப் பிறகு வருகிறார்கள். இந்த இரண்டாவது வகையினரைப் பார்க்கும்போதுதான் மனம் ஆறுவதில்லை. சில கட்டளைகளில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்காக, கல்லூரியில் சேர்ந்த நாள் முதல் சேர்த்த குறிப்புகளையும் படங்களையும் பறிகொடுத்திருப்பார்கள்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத இயந்திரங்களை வைத்திருப்பவர்கள் உபுண்டு, மின்ட் என்று லினக்ஸ் வகைகளில் எதையாவது போட்டுப் பார்க்கிறார்கள். பழகிய விண்டோஸை ஒரேயடியாகக் கைவிடவும் மனம் வருவதில்லை. அதனால் இரண்டும் ஒரே டிஸ்கில் குடியிருக்கின்றன. இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம்.

தமிழ்நாட்டுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த இயந்திரங்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் இந்தியாவுக்கென்று உருவாக்கிய லினக்ஸ் அது. திறந்ததும் வரும் பட்டியலில் இரண்டு பெயர்கள் தெரியும். விண்டோஸைத் தேர்ந்தெடுத்து உள்ளே போவார்கள், அந்த இன்னொன்று எதற்கு என்று பெரும்பாலானவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. டிஸ்கில் இடம் தீர்ந்த ஒரு நாளில், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சி, டி என்று எழுத்துப் பெயர் இல்லாமல் கிடக்கும் ஒரு பார்ட்டிஷனை, அதாவது டிஸ்கின் ஒரு பகுதியைப் பார்த்து, வீணாகக் கிடக்கிறது என்று நீக்கிவிடுவார்கள். மறுமுறை திறக்கும்போது கறுப்புத் திரை, வெள்ளை எழுத்தில் ஒரு பிழைச் செய்தி, அதற்குக் கீழே கிரப் ரெஸ்க்யூ. திறந்ததும் அந்தப் பட்டியலைக் காட்டும் நிரல்தான் கிரப்; அது வழி தெரியாமல் நிற்கும் திரை இது.

அது ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி குறைந்துவிடும். கணினியைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டு நிரலான பயாஸின் பழைய முறையில், டிஸ்கின் முதல் பிரிவு வெறும் 512 பைட். அதில் 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கும் 2 பைட் முத்திரைக்கும் போக, பூட் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட்தான். இவ்வளவு சிறிய இடத்தில் பட்டியல் காட்டும் நிரல் எப்படி அடங்கும்? அதனால் கிரப் தன்னைப் பிரித்து வைத்துக்கொள்கிறது. முதல் துண்டு அந்த 446 பைட்டில். இரண்டாவது துண்டு அதை அடுத்துள்ள காலி இடத்தில். பட்டியல், எழுத்துரு, மற்ற தொகுதிகள் எல்லாம் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள், பூட் ஃபோல்டரில். இரண்டாவது துண்டு விழித்துக்கொண்டு மூன்றாவதைத் தேடும்போது அது சொன்ன இடத்தில் இல்லையென்றால், தன்னிடம் இருக்கும் நான்கைந்து கட்டளைகளோடு நின்று உதவி கேட்கிறது. விண்டோஸும் அதற்குள் இருக்கும் கோப்புகளும் இதில் எந்தத் தொடர்பும் இல்லாமல் அப்படியே இருக்கின்றன.

லினக்ஸ் பார்ட்டிஷன் உண்மையிலேயே நீக்கப்பட்டு, இனி அது வேண்டாம் என்றால், விண்டோஸ் நிறுவும் டிவிடியிலோ பென் டிரைவிலோ பூட் செய்து, பழுதுபார்க்கும் பகுதியில் கட்டளைத் திரையைத் திறந்து, பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர் என்ற தெரிவோடு கொடுத்தால் பழைய இயந்திரங்களில் விண்டோஸ் திரும்பிவிடும். அவ்வளவுதான். ஆனால் பல நேரங்களில் லினக்ஸும் அங்கேயேதான் இருக்கும். அதன் எண் மட்டும் மாறியிருக்கும்.

வேதியியல் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி கொண்டுவந்த இயந்திரம் இதற்கு நல்ல உதாரணம். அவளுடைய அண்ணன் பிளஸ் டூவில் வாங்கிய அரசு மடிக்கணினி. பாஸ் லினக்ஸை எடுத்துவிட்டு உபுண்டு போட்டிருந்தான். விண்டோஸ் நகரவே மறுத்ததால் தங்கை உபுண்டுவில்தான் செயல்திட்ட அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தாள். காலியாகக் கிடந்த டி டிரைவை விண்டோஸுக்குள் போய் நீக்கியிருக்கிறாள். அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. "அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி, கீழே கிரப் ரெஸ்க்யூ. "ஃபார்மட் செய்தால்தான் சரியாகும் என்று கடையில் சொல்கிறார்கள் மேடம். அறிக்கை முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

பழைய முறைப் பார்ட்டிஷன் அட்டவணையில் முதன்மைப் பார்ட்டிஷன்கள் நான்குதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் நீட்டிப்புப் பார்ட்டிஷன் ஒன்றுக்குள் உட்பிரிவுகளை வைக்க வேண்டும். அவற்றின் எண் 5இலிருந்து தொடங்கும். அவளுடைய டி டிரைவ் 5, உபுண்டு 6. ஐந்தை நீக்கியதும் ஆறு ஐந்தாகிவிட்டது. கிரப் இன்னும் ஆறையே தேடிக்கொண்டிருந்தது.

கிரப் ரெஸ்க்யூ திரையில் எல்எஸ் என்று சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்டினால் டிஸ்குகளும் பார்ட்டிஷன்களும் வரிசையாக வரும். எச்டி0 என்பது முதல் டிஸ்க். அதோடு எம்எஸ்டாஸ்1, எம்எஸ்டாஸ்2 என்று எண்கள் ஒட்டி அடைப்புக்குறிக்குள் தெரியும். புதிய வகை அட்டவணையாக இருந்தால் எம்எஸ்டாஸுக்குப் பதில் ஜிபிடி என்று வரும். ஒவ்வொன்றையும் எல்எஸ் கட்டளைக்குப் பின்னால் கொடுத்து, ஒரு சாய்கோடும் சேர்த்து உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் பார்ட்டிஷன்களுக்கு "தெரியாத கோப்பு முறைமை" என்று பிழை வரும். அதைப் பார்த்துப் பதறக்கூடாது. விண்டோஸின் கோப்பு முறைமையைப் படிக்கும் தொகுதி அந்தச் சிறிய துண்டில் இல்லை என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தமில்லை. எம்எஸ்டாஸ்5ஐக் கேட்டபோது பூட், ஹோம், யூஎஸ்ஆர் என்று ஃபோல்டர்கள் வந்து நின்றன.

அந்த இடத்தில் நான் மேலே போகவில்லை. ஹோம் ஃபோல்டருக்குள் எல்எஸ் கொடுத்தேன். அண்ணனின் பெயர் வந்தது. அதற்குள் போய் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரைக் கேட்டேன். அத்தியாயம் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட அவளுடைய கோப்புகள் அந்தக் கறுப்புத் திரையில் வரிசையாக வந்தன. "பாரம்மா, இதெல்லாம் உன்னுடையதுதானே?" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். பழுது பார்ப்பதற்கு முன் இதை நான் எப்போதும் செய்வேன். கோப்புகள் பத்திரமாக இருப்பதை உரியவர் தம் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதன் பிறகு யார் ஃபார்மட் என்று சொன்னாலும் அவர்கள் சம்மதிக்க மாட்டார்கள்.

மீதி வேலை நான்கு வரிகள். செட் கட்டளையால் ரூட் என்பதற்குப் புதிய எண்ணைக் கொடுக்க வேண்டும். ப்ரிஃபிக்ஸ் என்பதற்கு அதே எண்ணோடு பூட் ஃபோல்டருக்குள் இருக்கும் கிரப் ஃபோல்டரின் பாதையைக் கொடுக்க வேண்டும். பிறகு இன்ஸ்மாட் நார்மல். கடைசியாக நார்மல். பழைய பட்டியல் வந்துவிடும். ஆனால் இது அந்த ஒருமுறைக்குத்தான். உபுண்டுவுக்குள் போனதும் டெர்மினலில் கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் இரண்டையும் ஓட்டிப் புதிய முகவரியை நிரந்தரமாக எழுத வேண்டும். பழைய முறை இயந்திரத்தில் கிரப்-இன்ஸ்டாலுக்கு முழு டிஸ்கின் பெயரைக் கொடுக்க வேண்டும், பார்ட்டிஷனின் பெயரை அல்ல. முதல் டிஸ்கை லினக்ஸ் எஸ்டிஏ என்று அழைத்தால் எஸ்டிஏ என்றுதான், எஸ்டிஏ5 என்று இல்லை. இதில் தடுமாறுகிறவர்கள் நிறைய.

புதிய மடிக்கணினிகளில் பயாஸின் இடத்தில் யூஇஎஃப்ஐ வந்த பிறகு கதை வேறு. 446 பைட் நெருக்கடி இல்லை. டிஸ்கில் ஃபேட்32 வடிவில் ஒரு சிறிய பார்ட்டிஷன் இருக்கும்; அதில் மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். யாரை முதலில் அழைக்க வேண்டும் என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும். "அப்டேட் ஆனதும் உபுண்டு காணாமல் போய்விட்டது" என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வரிசைதான் மாறியிருக்கும். கணினியைத் திறக்கும்போதே எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று அந்தந்த நிறுவனத்துக்குரிய விசையை அழுத்தி பூட் பட்டியலைப் பாருங்கள். உபுண்டுவின் பெயர் அதில் இருந்தால் தேர்ந்தெடுத்து உள்ளே போய், எஃபிபூட்எம்ஜிஆர் கட்டளையால் வரிசையை மாற்றிவிடலாம். பெயரே இல்லையென்றால் உபுண்டு பென் டிரைவில் பூட் செய்து, லினக்ஸ் பார்ட்டிஷனையும் அந்தச் சிறிய பார்ட்டிஷனையும் மவுன்ட் செய்து (இணைத்து), சிஎச்ரூட் கட்டளை வழியாக டிஸ்கில் இருக்கும் உபுண்டுவுக்குள் புகுந்து கிரப்பை மறுபடி நிறுவ வேண்டும். கட்டளைகளில் கை பழகாதவர்களுக்கு பூட்-ரிப்பேர் என்ற இலவசக் கருவி இதையே செய்து தருகிறது. நல்ல கருவி, நம்பிப் பயன்படுத்தலாம்.

தலைகீழாகவும் நடக்கும். லினக்ஸ் வரும், பட்டியலில் விண்டோஸ் இருக்காது. 2021இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் பாதுகாப்புக் காரணங்களுக்காக இயல்பாகவே அணைத்து வைக்கப்படுகிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை முடக்கும் வரிக்கு ஃபால்ஸ் என்று மதிப்புக் கொடுத்து அப்டேட்-கிரப் ஓட்டினால் விண்டோஸ் பட்டியலுக்குத் திரும்பும்.

2024 ஆகஸ்ட் 13 அன்று வெளியான விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு உலகெங்கும் பல இரட்டை இயங்குதளக் கணினிகள் லினக்ஸுக்குள் போக மறுத்தன. பாதுகாப்புக் குறை உள்ள பழைய பூட் நிரல்களைத் தடுக்க எஸ்பாட் என்ற பட்டியல் புதுப்பிக்கப்பட்டது. இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினிகளுக்கு அது போகாது என்று சொல்லப்பட்டிருந்தாலும் இரண்டு இயங்குதளங்கள் உள்ளனவா என்று பார்க்கும் சோதனை சிலவற்றைக் கண்டுகொள்ளவில்லை. நம்பகமான பூட் நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய், மோக்யூட்டில் கட்டளையால் அந்த எஸ்பாட் கொள்கையை நீக்கி, பிறகு செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்குவது அப்போது தீர்வாக இருந்தது. அங்கேயும் தடைபட்டது பூட் ஆவதுதான், கோப்புகள் அல்ல.

உண்மையிலேயே கோப்பு பறிபோகக்கூடிய இடம் ஒன்று உண்டு. பிட்லாக்கர், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி. இதைச் சொல்லும்போது மட்டும் நான் மாணவர்களை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் பேசுவேன். புதிய விண்டோஸ் 11 கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தாலே டிஸ்க் முழுவதும் தானாகக் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கக்கூடும். செக்யூர் பூட்டை அணைத்தாலோ பூட் வரிசையை மாற்றினாலோ யாரோ அந்நியர் கை வைக்கிறார் என்று நினைத்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். உங்கள் கணக்கில் என்றால், கணினியை முதன்முதலில் அமைத்தபோது கொடுத்த கணக்கில். வாங்கிய இடத்திலேயே வேறு யாரோ தம் மின்னஞ்சலைக் கொடுத்து அமைத்துத் தந்திருந்தால், எண் அவரிடம் போய்க் கிடக்கும். எண் இல்லையென்றால் அந்த டிஸ்கை எந்தக் கருவியாலும் எந்த நிபுணராலும் திறக்க முடியாது.

ஆகவே பூட் அமைப்பில் கை வைப்பதற்கு முன், விண்டோஸ் திறக்கும் நிலையில் இருந்தால், அந்த 48 இலக்கங்களைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கும்வரை விண்டோஸ் முழுமையாக மூடுவதே இல்லை, லினக்ஸிலிருந்து விண்டோஸ் பார்ட்டிஷனைத் திறந்தால் படிக்க மட்டுமே முடியும். கட்டாயப்படுத்தி எழுத முயன்றால் கோப்புகள் கெடக்கூடும்.

எல்லாம் சரியாகி வீட்டுக்குப் போன மாணவர்கள் ஒரு கேள்வியோடு திரும்பி வருவதுண்டு. விண்டோஸில் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்பார்கள். அது பழுது இல்லை. மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நம்முடைய ஐந்தரை மணி நேர வேறுபாடு அப்படியே தெரிகிறது. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையில் செட்-லோக்கல்-ஆர்டிசி என்பதை 1 ஆக்கினால் போதும். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டும்.