சில்லறையாகப் புகைத்ததை நிறுத்திய விதம்

இருபது ஆண்டுகளுக்கு மேல் புகைத்த நான் சிகரெட்டைப் பெட்டியாக வாங்கியது மிகவும் அரிது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலானோர் வாங்குவதைப் போலவே, தேநீருக்குச் சொல்லும்போது ஒரு சிகரெட்டையும் சேர்த்துக் கேட்டு, கடை முகப்பில் நூலில் கட்டித் தொங்கும் லைட்டரால் பற்ற வைத்து, மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். வீட்டிலோ சட்டைப் பையிலோ சிகரெட் இராது. அதனால் நான் புகைக்கு அடிமைப்பட்டவன் அல்லன், கிடைக்கும் இடத்தில் புகைக்கிறவன் மட்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின்னர் இலங்கையில் சிகரெட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பை எச்சரிக்கைப் படங்கள் நிரப்ப வேண்டும் என்பது விதி. புண்பட்ட வாயையும் கெட்ட நுரையீரலையும் காட்டும் அந்தப் படங்களைக் கடைக்காரர் தினமும் பார்க்கிறார். ஒன்றொன்றாக வாங்குகிறவன் கையில் வெள்ளைக் குழல் மட்டுமே வந்து சேர்கிறது.

நான் விவசாயப் போதனாசிரியராகப் பணியாற்றுகிறேன். வீடு மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரையில், வேலை மேற்கே படுவான்கரையில். காலையில் மோட்டார் சைக்கிளைக் குருக்கள்மடம் துறையில் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏற்றி அம்பிளாந்துறையில் இறங்கி, அங்கிருந்து வயற்கண்டங்களுக்குப் போவது வழக்கம். பாதைக்குக் காத்திருக்கும்போது ஒன்று, இறங்கியதும் தேநீரோடு ஒன்று, கமநல சேவை நிலையத்துக்கு எதிரே ஒன்று, கண்டத்தில் விவசாயிகளோடு வரம்பில் நின்று பேசும்போது அவர்கள் நீட்டும் பீடி, திரும்பும் வழியில் மீண்டும் அதே கடைகள் என்று நாள் போகும். ஆண்டின் இரண்டு நெற்போகங்களில் பெரியதான பெரும்போகத்தின் கதிர் முற்றும் காலத்தில் யானைக் காவலுக்கு இருப்பவர்களோடு வாடி என்னும் வயற்குடிலில் இரவு தங்க நேர்ந்தால் கணக்கே இல்லை.

நிறுத்தும் எண்ணம் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு பக்கங்களிலிருந்து வந்தது. பெப்ரவரியில் அரசாங்கம் நாடு வகை நெல்லுக்கு ஒரு கிலோவுக்கு 120 ரூபாய் என்று உத்தரவாத விலையை அறிவித்தது. அது போதாது என்று விவசாயிகள் என்னிடம் கொதித்துக்கொண்டிருந்தபோது, என் விரலிடையே எரிந்துகொண்டிருந்த ஒரு சிகரெட்டின் விலை அந்த ஒரு கிலோவின் விலையைத் தாண்டியது என்பது எனக்கு உறைத்தது. அவர்களுக்கும் உறைத்திருக்கும், மரியாதைக்காகச் சொல்லாமல் விட்டார்கள் என்றே நினைக்கிறேன். அதே நாட்களில், அரசாங்க வைத்தியசாலையின் தொற்றா நோய்ப் பரிசோதனைக்கு மனைவியின் வற்புறுத்தலால் போனபோது என் இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது.

அங்கே இருந்த வைத்தியர் ஒரு நாளைக்கு எத்தனை என்பதை விட, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்துக்குள் முதல் சிகரெட் என்பதையே முக்கியமாகக் கேட்டார். நிக்கோட்டின் பழக்கத்தின் ஆழத்தை அளக்க உலகெங்கும் கேட்கப்படும் கேள்வி அது. எழுந்து ஐந்து நிமிடத்துக்குள் புகைப்பவருக்குப் பிடிப்பு மிக அதிகம், அரை மணித்தியாலத்துக்குள் என்றாலும் அதிகம். வீட்டில் சிகரெட் இல்லாததால் ஒரு மணித்தியாலமாவது ஆகும் என்று சற்றுப் பெருமையோடு சொன்னேன். அவர் விடவில்லை. விடுமுறை நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பால் வாங்கப் போவேன் என்றேன். பால் வீட்டு வாசலுக்கு வருவதில்லையா என்று அவர் கேட்டபோது, வாசலுக்கு வருகிற பாலை நிறுத்திக் கடைக்குப் போகத் தொடங்கியவனே நான்தான் என்பதைச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனாலும் எப்படி நிறுத்துவது என்பதற்கு வழி காட்டியவர் வைத்தியர் அல்லர். அக்கரைப்பற்றைச் சேர்ந்த சக உத்தியோகத்தர் ஒருவர். என்னைவிட அதிகம் புகைப்பவர் அவர். மார்ச் மாதம் ரமழான் நோன்பு தொடங்கியதும் விடியற்காலைச் சஹர் உணவிலிருந்து மாலை மஃரிப் தொழுகை வரை பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஒரு இழுப்பும் இல்லாமல், எரிச்சலும் பெரிதாக இல்லாமல், என்னோடு வெயிலில் நின்று அறுவடை இயந்திரங்களைப் பார்வையிட்டார். எப்படி முடிகிறது என்று கேட்டேன். "நோம்பில மனம் கேக்கிற இல்ல மச்சான். கிடைக்காதெண்டு அதுக்குத் தெரியும். நோம்பு துறக்கிற நேரம் கிட்டக் கிட்டத்தான் கேக்கும்," என்றார். சாதாரண நாளில் ஒரு மணித்தியாலம் தாங்காதவர் அவர். இரத்தத்திலுள்ள நிக்கோட்டின் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், உடலின் தேவை ஒன்றே காரணமாக இருந்தால் நண்பகலுக்கு முன்பே அவர் துடித்திருக்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து ஆண்டுதோறும் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் ஒருவரும் இதையே முன்பு சொல்லியிருக்கிறார்: உகந்தையைத் தாண்டிக் குமண காட்டுக்குள் நடக்கும் நாட்களில் பீடி நினைவே வராதாம், கதிர்காமத்துக் கடைகள் கண்ணில் பட்டதும் வாய் ஊறுமாம்.

அதிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாயிற்று. பெட்டியாக வாங்குகிறவன் தன் பையைக் காலி செய்து நிறுத்தலாம். சில்லறையாக வாங்குகிற எனக்குப் பெட்டி என்பது நான் போகும் வழியெல்லாம் விரிந்து கிடக்கும் கடைகள்தான். அவற்றைக் காலி செய்ய முடியாது. எனக்குக் கொடுக்காமல் இருக்கச் செய்ய முடியும்.

ஆகவே அறுவடை வேலைகள் ஓய்ந்த பிறகு, ஒரு வார விடுமுறையில், வழமையான வழியில் புறப்பட்டு ஒவ்வொரு கடையிலும் இறங்கி, இனிமேல் நான் கேட்டாலும் எனக்குச் சிகரெட் தர வேண்டாம் என்று சொன்னேன். இதைச் சொல்வது நான் எதிர்பார்த்ததை விடக் கூச்சமாக இருந்தது. துறையடிக் கடைக்கார அம்மா சிரித்துவிட்டு, "நீங்க கேட்டா நான் இல்லெண்டு சொல்லேலுமா சேர்? நாளைக்கு நீங்களே ஏசுவீங்க," என்றார். அப்படி ஏசினாலும் தர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இன்னொரு கடையில் கொப்பிக் கணக்கில் இருந்த பாக்கியை முழுவதும் தீர்த்து, என் பெயர் இருந்த பக்கத்தை அவரைக்கொண்டே கிழிக்கச் செய்தேன். ஒரே ஒரு கடைக்காரர் மட்டும், தான் யாருக்கும் காவலாளி அல்லன் என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தக் கடையில் தேநீர் குடிப்பதை விட்டேன்.

முதல் மூன்று நாட்கள் மிகக் கடினமானவை என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார், அப்படியே இருந்தது. தலை கனத்தது, மலச்சிக்கல் வந்தது, பிள்ளைகள் பேசினால் எரிச்சல், தூக்கத்தில் தெளிவற்ற கனவுகள். ஆனால் புகைக்கும் ஆவல் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களுக்குமேல் நீடிப்பதில்லை என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து உறுதிசெய்துகொண்டது எனக்குப் பெரிய துணையாக இருந்தது. நான் எதிர்பாராத தொல்லை தேநீரிலிருந்து வந்தது. புகைப்பதை விட்ட பிறகு கைக்கு வேலை வேண்டும் என்று வழக்கத்தைவிட அதிகமாகத் தேநீர் குடித்தேன்; நெஞ்சு படபடத்தது, இரவில் கண் மூடவில்லை. இதையும் நிக்கோட்டின் இல்லாத வெறுமை என்றே எண்ணியிருந்தேன். இரண்டாவது கிளினிக்கில் வைத்தியர் விளக்கினார்: சிகரெட் புகையிலுள்ள சில சேர்மங்கள் கல்லீரலில் கஃபீனைச் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடுகின்றன, புகை நின்றதும் அந்த வேகம் குறைகிறது, அதனால் அதே அளவு தேநீர் குடித்தாலும் இரத்தத்தில் கஃபீன் முன்பைவிடக் கூடுதலாகத் தங்குகிறது. தேநீரைப் பாதியாகக் குறைத்ததும் படபடப்பு அடங்கியது. சாயத்தண்ணியோடு வாழும் எங்களுக்கு இதைச் சுகாதார விளக்கக் கூட்டங்களில் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. சிகரெட்டை விட்டதால்தான் உடம்பு கெட்டது என்று சொல்லி மீண்டும் பற்ற வைத்த இருவரை எனக்குத் தெரியும்.

நிக்கோட்டின் சூயிங்கத்தையும் முயன்றேன். நகரத்து மருந்தகத்தில் 2 மில்லிகிராம் வகை கிடைத்தது. சாதாரணச் சூயிங்கம் போல் இடைவிடாது மென்றால் சாறு வயிற்றுக்குள் போய் விக்கல் எடுக்கும். மெதுவாக மென்று, நாக்கில் காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கிவைத்து, காரம் அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். மெல்லுவதற்கு முன்பு கால் மணித்தியாலத்துக்குள் கோப்பியோ குளிர்பானமோ குடித்திருந்தால் வாயில் நிக்கோட்டின் உறிஞ்சப்படுவது குறையும். விலை அதிகம் என்பதால் பாதைக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

கடைகளைச் சமாளித்த பிறகு எஞ்சியது வீடுகள். படுவான்கரையில் ஒரு விவசாயி வீட்டுக்குப் போனால் வெற்றிலை வட்டாவை முன்னே வைப்பார்கள். அதைத் தொடாமல் எழுவது அவமதிப்பு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலைத் துண்டும் அதில் இருக்கும். சிகரெட்டை விட்டவர்கள் பலர் அந்தத் துண்டில்தான் ஒதுங்குகிறார்கள். புகை இல்லாததால் அது தீங்கற்றது என்ற எண்ணம் எங்கள் பக்கத்தில் வலுவாக உள்ளது. மெல்லும் புகையிலையிலும் நிக்கோட்டின் உண்டு. வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களும் உண்டு. பாக்கும்கூடப் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. நான் ஒரு வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தைத் தொடங்கினேன். வீட்டுக்காரருக்கும் மனம் நோகவில்லை.

மரண வீடு அதைவிடக் கடினம். நெருங்கிய உறவினர் ஒருவரின் செத்தவீட்டில் இரவு முழுவதும் இருக்க வேண்டியிருந்தது. முற்றத்தில் கடதாசி விளையாடும் கூட்டத்தின் நடுவே தட்டத்தில் வெற்றிலையும் பீடியும் சிகரெட்டும் குவித்து வைக்கப்பட்டிருந்தன. அங்கே கேட்பதற்குக் கடைக்காரர் இல்லை, கொடுப்பதற்குக் காசு வேண்டாம், விழித்திருப்பதற்குக் காரணமும் உண்டு. நோன்பு நண்பர் சொன்ன கணக்குப்படி மனம் கேட்பதற்கு எல்லாப் பொருத்தமும் கூடிய இடம். அதனால் உட்காரவே இல்லை. பின்வளவில் தேநீர் ஊற்றுகிற பெண்களிடமிருந்து தட்டை வாங்கிப் பரிமாறுவதைப் பொறுப்பெடுத்துக்கொண்டேன். இரு கையிலும் தட்டு இருக்கும் ஒருவரிடம் யாரும் சிகரெட்டை நீட்டுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிறுத்திய பிறகு சில வாரங்கள் எனக்கு இருமல் கூடியது. சுவாசக் குழாய்களிலுள்ள நுண்மயிர்கள் புகையால் செயலிழந்திருந்து மீண்டும் இயங்கத் தொடங்கும்போது சளியை மேலே தள்ளுவதால் சிலருக்கு இப்படி ஏற்படும். எடையும் ஏறியது, கண்டத்தில் வரம்பு வழியே நடக்கும் தூரத்தைக் கூட்டிக்கொண்டேன். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் 1948 என்ற இலக்கத்துக்கும் ஒரு முறை அழைத்தேன். உதவி நாடுகிறவர்களுக்கு அதைத் தயங்காமல் சொல்கிறேன்.

சிறுபோக அறுவடைக் காலத்தில், எனக்குப் பல ஆண்டுகள் பீடி நீட்டிய முதிய விவசாயி ஒருவர் வாடியில் வைத்து, அறுபதைத் தாண்டிய பிறகு விட்டு என்ன பயன் என்று கேட்டார். பிரித்தானிய வைத்தியர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ரிச்சர்ட் டோல் குழுவினர் 2004இல் வெளியிட்ட முடிவை அவருக்குச் சொன்னேன்: வாழ்நாள் முழுவதும் புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டுகளை இழக்கிறார், ஐம்பதில் விட்டால் அதில் ஆறு ஆண்டுகளும், அறுபதில் விட்டால்கூட மூன்று ஆண்டுகளும் மீளக் கிடைக்கின்றன. அவர் விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார். மூன்று வருசம் என்றால் ஆறு போகம் என்றார். பிறகு, நான் எந்தெந்தக் கடைகளில் சொல்லி வைத்தேன் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல, அவற்றில் இரண்டு தானும் வாங்குகிற கடைகள்தான் என்றார். "மூணாவது கடை என்ட மருமகன்ட, மனே. அவனுக்கு நீதான் சொல்லணும், நான் சொன்னாக் கேக்கமாட்டான்," என்று என்னையே அனுப்பினார்.