ஆறெழுத்துச் சுட்டியும் அப்பாவின் மணிவிழா ஆல்பமும்

கும்பகோணத்தில் இருக்கும் அத்தை சென்ற மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, "இதைத் தொடலாமாடா?" என்று கேட்டிருந்தார். மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு ஒன்பதரை மணிக்கு இணைப்புத் துண்டிக்கப்படும், கீழே உள்ள சுட்டியில் சரிபார்த்துக்கொள்ளவும் என்று மின்வாரியத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரோ அனுப்பிய செய்தி அது. அதன் அடியில் நீல நிறத்தில், ஒரு சாய்கோட்டுக்குப் பிறகு ஏழு ஆங்கில எழுத்துகள். சில பெரியவை, சில சிறியவை, நடுவே ஒரு 3. அத்தை முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். செய்தியில் இருந்த எழுத்துப்பிழைகளையெல்லாம் சிவப்பு வண்ணத்தில் வட்டமிட்டுத்தான் அனுப்பியிருந்தார். அந்த ஏழு எழுத்துகளை மட்டும் வட்டமிடாமல் விட்டிருந்தார். அதில் பிழை என்று சொல்லவும் ஒன்றுமில்லை, சரி என்று சொல்லவும் ஒன்றுமில்லை.

தொட வேண்டாம் என்று உடனே பதில் அனுப்பிவிட்டேன். ஆனாலும் ஓர் உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. இப்படிப்பட்ட சுட்டிகளைக் கேள்வி கேட்காமல் தொடுவதற்கு எங்கள் வீட்டாரைப் பழக்கியவனே நான்தான்.

தமிழில் எழுதுகிறவர்கள், நீண்ட முகவரியைச் சில எழுத்துகளுக்குள் அடக்கும் சுருக்கிய சுட்டிகளின் பக்கம் போனதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. தமிழ்த் தலைப்புள்ள ஒரு பக்கத்தின் முகவரியை நகலெடுத்து ஒட்டினால், அது விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக ஒரு முழ நீளத்துக்கு விரிந்துவிடும். இணையத்தில் வழங்கும் யூனிகோடு முறையில் (யூடிஎஃப்-8) ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டையும் முகவரியில் எழுத மூன்று இடம், ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். மெய்யின் புள்ளியும் இகரத்தின் கொக்கியும்கூடத் தனிக் குறிகள் என்பதால் 'தமிழ்' என்ற ஒரு சொல்லுக்கே 45 இடங்கள் போய்விடும். 2009 வாக்கில் ட்விட்டரில் (இன்றைய எக்ஸ்) ஒரு கீச்சுக்கு 140 எழுத்துகள்தாம் வரம்பு. நாலு சொல் தலைப்புள்ள ஒரு கட்டுரையைப் பகிர்ந்தால் நம் கருத்துக்கு இடமே மிஞ்சாது. முகவரியைச் சுருக்கித் தரும் சேவைகளான, 2002-இலிருந்து இயங்கிய டைனியூஆர்எல்லும் பிறகு வந்த பிட்.லியும் எங்களுக்கு அன்று வரமாகத்தான் இருந்தன. 2011-க்குப் பிறகு ட்விட்டர் தானே எல்லாச் சுட்டிகளையும் டி.கோ என்ற தன் முகவரிக்குள் சுற்றித் தரத் தொடங்கியது. இன்றைக்கு எவ்வளவு நீளமான முகவரியைப் போட்டாலும் அங்கே 23 எழுத்துகளாகவே கணக்கிடுகிறார்கள். நீளத்துக்காகச் சுருக்க வேண்டிய தேவை அதோடு முடிந்துவிட்டது. கைப்பழக்கம் மட்டும் முடியவில்லை.

சுருக்கிய சுட்டியைத் தொட்டவுடன் நடப்பது என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் உலாவி முதலில் போய் நிற்பது நாம் படிக்க விரும்பிய தளத்தின் வாசலில் அன்று. சுருக்கிக் கொடுத்த நிறுவனத்தின் வழங்கி என்னும் கணினியில். அது தன் பட்டியலில் அந்த எழுத்துகளைத் தேடி, "நீ தேடுவது அங்கே இருக்கிறது, போ" என்று உரிய முகவரியைச் சொல்லி அனுப்பிவைக்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் இந்தச் சந்திப்பில், நாம் எந்த ஐபி முகவரியிலிருந்து வந்தோம், எத்தனை மணிக்கு வந்தோம், கையில் இருப்பது என்ன கருவி, எந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இதைத் தொட்டோம் என்பனவற்றையெல்லாம் அந்த வழங்கி குறித்துக்கொள்ள முடியும். நம் உலாவியில் 'குக்கி' என்ற அடையாளக் குறிப்பு ஒன்றை வைத்துவிட்டால், நாளை வேறொருவர் அனுப்பிய வேறொரு சுட்டியை நாம் தொடும்போதும் இது அதே ஆள்தான் என்று அறிந்துகொள்ளும். பால் சங்கத்துச் செய்தியையும் மருத்துவமனைப் பக்கத்தையும் பங்குச்சந்தை அறிவுரையையும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு நாட்களில் அனுப்பியிருந்தாலும், மூன்றும் ஒரே சுருக்கியின் வழியாக வந்திருந்தால் அந்த மூன்றையும் ஓரிடத்தில் வைத்துப் பார்க்கக்கூடியவர் அந்தச் சுருக்கியை நடத்துபவர் ஒருவர்தான்.

அவர் மட்டும் பார்த்தாலும் பரவாயில்லை. பிட்.லி சுட்டியின் கடைசியில் ஒரு கூட்டல் குறியைச் சேர்த்தால், அதை எத்தனை பேர், எந்த நாட்டிலிருந்து, எந்தத் தளத்தின் வழியாகத் தொட்டார்கள் என்ற கணக்கு அந்நாளில் யாருக்கு வேண்டுமானாலும் திறந்தது. என் கட்டுரையை எத்தனை பேர் படித்தார்கள் என்று பார்ப்பதற்காக நானே அந்தக் கூட்டல் குறியை எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். எண்ணிக்கை ஏறுவதைப் பார்க்க மகிழ்ச்சியாகவே இருந்தது. படிக்க வருகிறவர்களிடம் கேட்காமல் அவர்களைக் கணக்கில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் வரவே இல்லை.

இனி ஆல்பத்தின் கதை. 2013-இல் அப்பாவுக்கு மணிவிழா நடந்தது. புகைப்படக்காரர் கொடுத்த அறுநூறு சொச்சம் படங்களையும் இணையச் சேமிப்புக் கோப்புறை ஒன்றில் ஏற்றி, உறவினர்களும் தங்கள் கைபேசியில் எடுத்த படங்களைச் சேர்க்கட்டும் என்று, சுட்டி கையில் இருக்கும் எவரும் படம் ஏற்றலாம், மாற்றலாம் என்ற அனுமதியையும் கொடுத்துவைத்தேன். அந்தக் கோப்புறையின் உண்மையான முகவரி மூன்று வரிக்கு நீண்டது. நன்றி அட்டையில் அச்சிட வேண்டுமே என்று ஒரு சுருக்கியில் கொடுத்து, ஆறெழுத்தில் வாங்கிக்கொண்டேன். அச்சகத்துக்காரர்கூட, "இது நல்லா அடக்கமா இருக்கு சார்" என்றார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2016-இல், மார்ட்டின் ஜார்ஜியேவ், விட்டாலி ஷ்மாட்டிகோவ் என்ற இரு ஆய்வாளர்களின் கட்டுரையைப் படித்தபோதுதான் அந்த மூன்று வரி நீளத்துக்கு ஒரு பொருள் இருந்தது என்பது புரிந்தது. கடவுச்சொல் இல்லாத ஒரு கோப்புறையைக் காப்பது அதன் முகவரியை யாராலும் ஊகிக்க முடியாது என்பது ஒன்றே. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண் எல்லாம் சேர்த்து 62 குறிகள். ஆறு இடங்களில் அவற்றை அடுக்கினால் ஏறத்தாழ 5,680 கோடி வகைகள் வரும். கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தோன்றும். வரிசையாகக் கதவைத் தட்டிப் பார்க்கும் கணினிகளுக்கு அது பெரிய எண்ணே இல்லை. அந்த ஆய்வாளர்கள் அப்படித்தான் தட்டிப் பார்த்தார்கள். யாருக்கும் தெரியாது என்று நம்பி வைக்கப்பட்டிருந்த கோப்புறைகள் திறந்துகொண்டன. அவற்றில் சுமார் 7 விழுக்காடு, யார் வேண்டுமானாலும் உள்ளே எதையும் எழுதலாம் என்ற நிலையில் இருந்தன. என்னுடையதைப் போல.

அதே கட்டுரையில் என்னை அதைவிடவும் கலங்க வைத்தது வரைபடங்கள் பற்றிய பகுதி. கூகுள் வரைபடத்தின் சுருக்கிய சுட்டிகளுக்கு அப்போது ஐந்தே எழுத்துகள். தற்போக்காக முயன்று பார்த்ததில் 2.39 கோடிக்கும் மேற்பட்ட உயிருள்ள சுட்டிகள் கிடைத்தன. அவற்றில் பத்தில் ஒரு பங்கு, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் வழியைக் காட்டுபவை. ஒரு முனையில் யாரோ ஒருவருடைய வீடு. மறுமுனையில் புற்றுநோய் மருத்துவமனை, மனநல மருத்துவமனை, போதை மீட்பு மையம், கருக்கலைப்பு மையம், சிறைச்சாலை. வழி தெரியாத ஒருவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று அனுப்பியதுதான் அத்தனையும். ஆய்வாளர்கள் எச்சரித்த பிறகு கூகுள் அந்த ஐந்தைப் பதினொன்று, பன்னிரண்டு எழுத்துகளாக நீட்டியது. சுருக்கிய சுட்டிக்கு மருந்து அதை நீட்டுவதுதான் என்று ஆனது எனக்குச் சற்று வேடிக்கையாகவும் இருந்தது.

அன்று மாலையே என் சுட்டியின் கணக்கைப் பார்த்தேன். நன்றி அட்டை போனது எண்பது வீடுகளுக்கு. தொட்டவர்கள் பட்டியலில் நாங்கள் எதிர்பார்த்த இந்தியா, சிங்கப்பூர், கனடா எல்லாம் இருந்தன. கூடவே பிரேசிலும் உக்ரைனும் இருந்தன. பிரேசிலில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. தேடுபொறியின் தானியங்கி நிரல்களாகவும் இருக்கலாம். கோப்புறையில் எதுவும் காணாமல் போகவும் இல்லை, வேண்டாதது எதுவும் சேர்ந்திருக்கவும் இல்லை. ஆனால் அம்மாவின் தோழிகள் முற்றத்தில் உட்கார்ந்து பூக்கட்டும் படத்தை, கழுத்தில் இரட்டைவடச் சங்கிலியோடு, பின்னால் எங்கள் வீட்டுக் கதவு எண் துலக்கமாகத் தெரிய, யாரோ பார்த்திருக்கக்கூடும் என்ற நினைப்பு வந்த பிறகு அது போகவில்லை.

நடுவில் நிற்பவர் நம்மைப் பார்க்கிறார் என்பது ஒரு கவலை என்றால், அவர் நினைத்தால் வழியையே மாற்றலாம், மூடலாம் என்பது இன்னொன்று. 2009 ஜூனில் கிளிக்ஸ் என்ற சுருக்கியின் வழங்கிக்குள் யாரோ புகுந்து, சுமார் 22 லட்சம் சுட்டிகளை ஒரே பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். திருப்பியவர் அதைத் தீநிரல் பக்கத்துக்குத் திருப்பாதது உலகத்தின் நல்வினை. பிட்.லியில் இருக்கும் 'லி' லிபியா நாட்டின் இணையக் குறியீடு என்பதைப் பலர் யோசித்ததில்லை. 2010-இல் அதே குறியீட்டில் இயங்கிய விபி.லி என்ற சிறிய சுருக்கியை, தங்கள் நாட்டுச் சட்டத்துக்கு ஒவ்வாதது என்று சொல்லி லிபியப் பதிவகம் பறித்துக்கொண்டது. கூகுள் தன் கூ.ஜிஎல் சேவையில் புதிய சுட்டிகள் தருவதை 2019-இல் நிறுத்தியது. பழையவையும் 2025 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு இயங்காது என்று அறிவித்தது. பிறகு கடைசி நேரத்தில் மனம் இளகி, புழக்கத்தில் இருப்பவற்றை மட்டும் விட்டுவைப்பதாகச் சொன்னது. அறிவிப்பு வந்த வாரத்தில் என் பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். நான் மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் பாதி எவை என்றே எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் எழுதிவைத்திருந்தது சுருக்கிய எழுத்துகளை மட்டும்.

இதில் நுட்பமான ஒரு நிகழ்ச்சி 2023 ஆகஸ்டில் வெளியே வந்தது. ட்விட்டரின் டி.கோ வழியாக நியூயார்க் டைம்ஸ், ராய்ட்டர்ஸ், ஃபேஸ்புக் உள்ளிட்ட சில தளங்களுக்குப் போகிறவர்கள் மட்டும் ஏறத்தாழ ஐந்து வினாடி காத்திருக்க வைக்கப்படுகிறார்கள் என்று வாஷிங்டன் போஸ்ட் சோதித்து எழுதியது. எழுதிய அன்றே தாமதம் விலகத் தொடங்கியது. ஐந்து வினாடிதானே என்று தோன்றும். ஆனால் படிக்கிறவர் அந்தத் தளம் மந்தமானது என்றுதானே நினைத்துக்கொள்வார்? தடைசெய்தால் தெரிந்துவிடும். வாசலில் கொஞ்சம் நிற்க வைத்தால் யாருக்கும் தெரியாது.

மோசடிக்காரர்களுக்கு இது எவ்வளவு உதவும் என்பதற்கு 2016 மார்ச்சில் ஹிலாரி கிளின்டனின் தேர்தல் குழுத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு வந்த மின்னஞ்சல் போதும். கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்ற பொத்தானுக்குப் பின்னால் ஒரு பிட்.லி சுட்டி, அதன் பின்னால் கூகுளைப் போலவே அமைத்த போலிப் பக்கம். அவருடைய மின்னஞ்சல்கள் அத்தனையும் போய்விட்டன. ஆனால் அந்தத் திருடர்கள் தங்கள் பிட்.லி கணக்கைப் பொதுப்பார்வைக்குத் திறந்தே வைத்திருந்ததால், அதே கணக்கில் உருவாக்கப்பட்ட ஆயிரக்கணக்கான சுட்டிகளையும் குறிவைக்கப்பட்டவர்களையும் பாதுகாப்பு ஆய்வாளர்களால் கண்டுகொள்ள முடிந்தது. என் வாசகர்களைக் காட்டிக்கொடுத்த அதே கணக்கு, இங்கே திருடர்களையும் காட்டிக்கொடுத்தது.

இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 அக்டோபர் முதல், நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளில் முன்கூட்டிப் பதிவுசெய்யப்பட்ட சுட்டிகள் மட்டுமே போகலாம் என்று விதித்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அத்தைக்கு வந்தது வாட்ஸ்அப்பில். அங்கே இந்த விதி செல்லாது. அங்கே சுட்டியோடு தெரியும் படமும் தலைப்பும்கூட அனுப்புகிறவரின் கைபேசியில் உருவாகி வருபவை என்பதால் அவற்றையும் சான்றாகக் கொள்ள முடியாது.

சுட்டியை விரித்துக் காட்டும் தளங்கள் இருக்கின்றனவே என்று நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கின்றன, ஆனால் அவற்றில் ஒட்டும்போது, நமக்கு வந்த சுட்டியை நாம் அறியாத மூன்றாவது ஆளிடம் கொடுக்கிறோம். நான் இப்போது செய்வது மிகவும் சாதாரணமானது. அனுப்புகிறவன் நான் என்றால் முழு முகவரியையே அனுப்புகிறேன், அசிங்கமாக இருந்தாலும். யூடியூபில் பகிர்வுப் பொத்தானை அழுத்தினால் கேள்விக்குறிக்குப் பின் 'எஸ்ஐ' என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும். எந்தப் பகிர்விலிருந்து ஆள் வந்தார் என்று அறிவதற்கான அடையாளம் அது. இன்ஸ்டாகிராமிலும் அதே போன்ற வால் உண்டு. வெட்டிவிட்டாலும் காணொளி ஓடும், ஆகவே வெட்டிவிடுகிறேன். சுருக்கியே ஆக வேண்டுமென்றால், போய்ச்சேரும் இடம் முகவரியிலேயே தெரியும் சுருக்கிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விக்கிமீடியாவின் டபிள்யூ.விக்கி அப்படிப்பட்டது, விக்கிமீடியா தளங்களைத் தவிர வேறெங்கும் அதனால் அனுப்ப முடியாது, தமிழ் விக்கிப்பீடியாவின் முழநீள முகவரிகளுக்கும் அது போதுமானது. எனக்கு வந்த சுட்டி என்றால், அனுப்பியவரிடம் தலைப்பைக் கேட்டு நானே தேடிப் போகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

அத்தையிடம் தொலைபேசியில் இதையெல்லாம் விளக்கியபோது, "அப்போ நீ எங்க வீட்டு அட்டையில அடிச்சுக் குடுத்தியே, அது?" என்று கேட்டார். அந்த நன்றி அட்டை இன்னமும் அவருடைய பூஜை அலமாரியின் கண்ணாடியில் செருகியிருக்கிறதாம். கோப்புறையை 2016-லேயே மூடிவிட்டேன், படங்கள் இப்போது வீட்டு வன்தட்டில் இருக்கின்றன என்றேன். சுட்டியை மட்டும் அழிக்க முடியவில்லை. கணக்குத் தொடங்காமல் உருவாக்கியது என்பதால் அது என்னுடையது என்று காட்ட எனக்கு வழியில்லை. இதை எழுதும் முன் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். பக்கம் இல்லை என்று வந்தது. அதன் கணக்கையும் பார்த்தேன், ஒன்று கூடியிருந்தது.