பிறந்த அன்றே ஊசி எதற்கு?

ஏற்காட்டில் பிரசவ வார்டு வேலை. பச்சைப் பிள்ளையின் இடது தொடையில், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான தடுப்பூசி, அரை மில்லி, போடப் போனால் பாட்டிமார் மறிப்பார்கள். "ஏங் கண்ணு, இன்னும் பால்கூட சரியாக் குடிக்கல, அதுக்குள்ள ஊசியா?"

நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வைரஸின் கணக்கே வேறு. பெரியவர்களுக்குத் தொற்றினால் 100-க்கு 95 பேருக்குமேல் தானாகவே சரியாகிவிடும். பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போனால், தொற்றிய 100 குழந்தைகளில் சுமார் 90 பேருக்கு ஈரலிலேயே தங்கிவிடும். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஊசி என்ற கெடு.

அந்தமான் ஜாரவா பழங்குடி மக்களைப் பாருங்கள். 1990-களின் கடைசி வரை வெளியாட்களை அண்டவிடாதவர்கள். பரிசோதித்தபோது பாதிக்கும் மேற்பட்டோரிடம் இந்தக் கிருமி! சின்னக் கூட்டம், உள்ளுக்குள்ளேயே சுற்றினால் போதும். (எங்கள் சேர்வராயன் மலையின் 'மலையாளி' பழங்குடி மக்களை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். இது பஸ்ஸும் சந்தையும் உள்ள மலை.) இந்த வைரஸில் ஏ முதல் ஜே வரை மரபணு வகைகள் உண்டு. இந்தியாவில் பெரும்பாலும் டி, அடுத்தது ஏ. எந்த வகை எங்கே கிடைக்கிறது என்று பார்த்தால், மனிதர்கள் இடம்பெயர்ந்த தடமும் ஓரளவு பிடிபடும். எனக்கு இதில்தான் ருசி.

பாட்டிகளிடம் இதெல்லாம் எடுபடாது. "ஈரல் கெடாம இருக்கறதுக்குங்க அம்மாயி" என்றால் அவர்களே துணியை விலக்கித் தொடையைக் காட்டுவார்கள். ஆறாவது வாரம் பென்டாவேலன்ட், அதாவது ஹெபடைடிஸ் பி உட்பட ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி. தடுப்பூசி அட்டையைத் தொலைக்காமல் கொண்டு வாருங்கள்.