திருகினால் சாயும் கழுத்து: கையால் செய்த கிட்டாரில் ஓர் இணைப்பு

எஃகுத் தந்தி பூட்டிய அக்கூஸ்டிக் கிட்டாரில், சுருதி சேர்த்த நிலையில், ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோ எடைக்கு நிகரான விசையில் இழுக்கின்றன. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இந்த இழுப்பில் மேற்பலகை மெல்ல உப்பி, கழுத்து முன்னோக்கிச் சாய்ந்து, தந்திகள், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளிலிருந்து விலகி உயர்ந்துவிடுகின்றன. மேற்பலகைப் பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் எலும்புத் துண்டான சேடிலைத் தேய்த்துச் சில காலம் சமாளிக்கலாம். தேய்க்க எலும்பு மிஞ்சாத நிலை வந்ததும், கழுத்தை உடலோடு பூட்டும் புறாவால் வடிவ டவ்டெயில் இணைப்புக்குள் நீராவி செலுத்திப் பசையை இளக்கி, கழுத்தைக் கழற்றி, உடலோடு சேரும் தடித்த முனையான ஹீலின் அடிப்பக்கத்தில் இம்மியளவு மரத்தைச் செதுக்கி, மறுபடியும் ஒட்ட வேண்டியிருக்கும். நான் செய்யும் கிட்டாரில் அந்த வேலை ஓர் ஆலன் கீயை (அறுகோணச் சாவி) திருப்புவதோடு முடிய வேண்டும் என்று விரும்பினேன்.

எண்ணம் புதியதல்ல. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வியன்னாவைச் சேர்ந்த கிட்டார் கைவினைஞர் யோஹன் கேயோர்க் ஸ்டாஃபர், ஹீலில் சாவி நுழைத்துத் திருகிக் கோணத்தை மாற்றும் கழுத்தைச் செய்தார். 1833-இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய கிட்டார் கைவினைஞர் சி. எஃப். மார்ட்டினின் தொடக்ககாலக் கிட்டார்களிலும் அந்த அமைப்பு உண்டு.

வரைபடத்தில் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்த கேள்வி, கழுத்து எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல வேண்டும் என்பதுதான். சுழல்புள்ளி ஹீலின் அடியில் இருந்தால், கோணம் மாறும்போதெல்லாம், கழுத்தின் மறுமுனையில் தந்திகளைத் தாங்கும் நட்டும் முன்னும் பின்னும் நகர்ந்து, தந்தியின் நீளத்தையும் அதனால் சுருதித் துல்லியத்தையும் குலைக்கும். மேற்பலகைக்குச் சற்றுக் கீழே இருந்தாலோ அந்த நகர்வு பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆகவே சுழற்சியை மேலே வைத்து, அதற்கு 60 மில்லிமீட்டர் கீழே, ஒரு மில்லிமீட்டர் மரையிடை (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) கொண்ட, 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள எம்6 போல்ட் ஒன்றைச் சரிசெய்யும் திருகாக அமைத்தேன். 645 மில்லிமீட்டர் தந்தி நீளத்தில், 14-ஆவது ஃபிரெட்டில் உடலோடு சேரும் கழுத்துக்கு, இந்தப் போல்ட்டைக் கால் சுற்று இறுக்கினால் 12-ஆவது ஃபிரெட்டில் தந்தியின் உயரம் சுமார் 0.6 மில்லிமீட்டர் இறங்கும். இதைவிட நுண்ணிய மரை எதற்கு என்று எனக்குத் தோன்றியது.

தந்திகளின் இழுப்பு கழுத்தின் மேற்பகுதியை உடலோடு அழுத்துகிறது. ஹீலின் அடியையோ உடலைவிட்டு விலக்கப் பார்க்கிறது. என் அளவுகளில் கீழ்ப் போல்ட் தாங்க வேண்டிய விசை 25 கிலோ எடையளவுதான். எம்6 எஃகுக்கு அது சுமையே அல்ல; மரத்துக்குத்தான் சுமை. ஹீலின் நாரோட்டம் போல்ட்டின் திசையிலேயே ஓடுவதால், அங்கே திருகிப் பதிக்கும் மரைக்குழல் நாளடைவில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடக்கூடும். அதற்குப் பதிலாக, ஹீலின் குறுக்கே துளையிட்டு, நடுவில் மரை வெட்டிய பித்தளை உருளை ஒன்றைச் செருகினேன். போல்ட் அதில்தான் போய்ப் பிடிக்கிறது. கோணம் மாறும்போது போல்ட் வளையாதிருக்க, உடலுக்குள்ளே அதன் தலையின் அடியில் கோள வடிவ வாஷர் வைத்தேன்.

மேலே, உடலுக்குள் கழுத்தைத் தாங்கும் மரக்கட்டையான நெக் பிளாக்கில் பதித்த பித்தளைத் தகட்டில், 40 மில்லிமீட்டர் இடைவெளியில், கூம்பு முனை கொண்ட இரண்டு எம்5 திருகுகள். அவை சென்று உட்காரும் இடம் ஹீலில் பதித்த இன்னொரு தகடு. அதில் ஒன்றுக்குக் கூம்புக் குழியும் மற்றொன்றுக்கு நீளவாட்டில் ஒரு வி வடிவப் பள்ளமும் வெட்டினேன். இரண்டையும் குழிகளாக வெட்டினால் துளையிடுவதில் நேரும் மயிரிழைப் பிசகுகூட முனைகளை முட்டவைக்கும். பள்ளம் அந்தப் பிசகை விழுங்கிக்கொள்கிறது. இந்தத் திருகுகளால் இன்னொரு பயனும் கிடைத்தது. ஒன்றை மட்டும் எட்டில் ஒரு பங்கு சுற்று திருப்பினால், நட் பக்கவாட்டில் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் நகர்கிறது. இரண்டு ஓரத் தந்திகளும், ஃபிரெட்டுகள் பதித்த பலகையான ஃபிங்கர்போர்டின் விளிம்பிலிருந்து சம தூரத்தில் அமையும்வரை இப்படியே ஒதுக்கினேன்.

உடலின் மேல் நீளும் ஃபிங்கர்போர்டின் நீட்சியை மேற்பலகையில் ஒட்ட முடியாது. ஒட்டினால் கழுத்து அசையாது. அதற்கடியில் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, நீட்சி தொங்கிவிடாமல் இரண்டு கார்பன் ஃபைபர் பட்டைகளை எபாக்சியில் பதித்தேன். ஆனால் ஒட்டியிருந்தால் நீட்சி சுமந்திருக்கும் பாரமும் இப்போது நெக் பிளாக்கின் தலையில் விழுகிறது. பிளாக்கிலிருந்து இடுப்புப் பக்கத்துச் சட்டங்கள்வரை இரண்டு கார்பன் குழாய்களை முட்டுக்கொடுத்தேன். இந்த முட்டுகள் இல்லாமல் இந்த இணைப்பைச் செய்ய நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பிளாக் அசைந்தால் மேலே சொன்ன நுணுக்கம் எல்லாம் வீண்.

பசையில்லாத இணைப்பு ஒலியை உறிஞ்சிவிடும் என்று சொல்வோர் உண்டு. மூன்று உலோகத் தொடுபுள்ளிகள் இத்தனை விசையில் இறுகியிருக்கும்போது, அந்த அச்சத்துக்கு இடமிருப்பதாக நான் நினைக்கவில்லை.

தந்தி பூட்டிச் சுருதி சேர்த்த பின், முதலில் உள்ளே ஓடும் உலோகக் கம்பியான டிரஸ் ராட்டால் கழுத்தின் வளைவைச் சரிசெய்து, அதன் பிறகே கீழ்ப் போல்ட்டைத் தொட்டேன். தடித்த ‘இ’ தந்திக்கு 2.4, மெல்லிய ‘இ’ தந்திக்கு 1.8 மில்லிமீட்டர் என 12-ஆவது ஃபிரெட்டில் உயரம் அமைந்தது. மேற்பலகை இழுப்புக்குப் பழகி உப்பியதும் அது 0.3 மில்லிமீட்டர் ஏறியது. ஒலித்துளை வழியாகக் கையை விட்டு எட்டில் ஒரு பங்கு சுற்று இறுக்கி, சேடிலைத் தொடாமலே பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன்.