மைக்ரோடர்பைன் சிஹெச்பி ப்ராஜெக்ட் எடுத்தவங்களுக்கு, நான் படிச்ச விதம்

எம்.இ எனர்ஜி இன்ஜினியரிங்ல என் ப்ராஜெக்ட், பயோகேஸ்ல ஓடுற மைக்ரோடர்பைன்ல, அதாவது ரொம்ப சின்ன கேஸ் டர்பைன்ல, கரன்ட்டும் சூடும் சேர்த்து எடுக்கிறது, இததான் சிஹெச்பின்னு சொல்வாங்க. இப்போ இதே டாபிக் எடுத்திருக்கிற ஜூனியர்ஸ் எங்கருந்து ஆரம்பிக்கணும்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் மொத்தமா எழுதிடறேன்.

ஹிஸ்டரி, டைப்ஸ், அட்வான்டேஜஸ்னு வரிசையா படிக்காதீங்க, நேரா ரெக்கூப்பரேட்டர்ல (வெளிய போற புகையோட சூட்ட வச்சு கம்ப்ரஸர்ல இருந்து வர்ற காத்த சூடாக்கற ஹீட் எக்ஸ்சேஞ்சர்) ஆரம்பிங்க. பெரிய கேஸ் டர்பைன்ல பிரஷர் ரேஷியோ (கம்ப்ரஸர் காத்த எத்தன மடங்கு அழுத்துதுங்கறது) 15, 20னு போகும், மைக்ரோடர்பைன்ல இருக்கிறதே ஒரே ஒரு சென்ட்ரிஃப்யூகல் கம்ப்ரஸர் வீல், அதனால 4, 4.5லயே நின்னுடும். டர்பைன் வீலும் ரொம்ப சின்னது, உள்ள கூலிங் காத்து விட வழி இல்ல, அதனால இன்லெட் டெம்பரேச்சர் 950 டிகிரி சுத்தித்தான் வைப்பாங்க. இந்த ரெண்டு குறையையும் வச்சுக்கிட்டு எப்படி 30 சதவீத எஃபிஷியன்ஸி வருதுன்னா அதுக்கு ஒரே காரணம் ரெக்கூப்பரேட்டர்தான்.

நம்பலன்னா கையாலயே ஒரு தடவ போட்டுப் பாருங்க. வெளிக்காத்து 300 கெல்வின், பிரஷர் ரேஷியோ 4, கம்ப்ரஸர் எஃபிஷியன்ஸி 78 சதவீதம், டர்பைன் 85, இன்லெட் 1200 கெல்வின். கம்ப்ரஸர்ல இருந்து காத்து 487 கெல்வின்ல வரும், டர்பைன்ல இருந்து புகை 866ல வரும். இப்படியே விட்டா சைக்கிள் எஃபிஷியன்ஸி 20 சதவீதம்தான். நடுவுல 88 சதவீத எஃபெக்டிவ்னெஸ்ல (அதிகபட்சம் எடுக்க முடியற சூட்டுல 88 சதவீதத்த எடுக்கற மாதிரி) ஒரு ரெக்கூப்பரேட்டர் போடுங்க, 38ஐ தாண்டிடும், ஏன்னா காத்து 820 கெல்வின் வரைக்கும் ஓசியில சூடாகிடுது. அதுல பிரஷர் லாஸ், ஆல்டர்னேட்டர், இன்வெர்ட்டர் எல்லாம் கழிஞ்சு 30 கிட்ட வந்து நிக்கும். புகை 532 கெல்வின்ல, அதாவது 260 டிகிரி கிட்ட வெளிய போகும். டர்பெக் டி100ங்கற மைக்ரோடர்பைனோட டேட்டாஷீட்ட எடுத்துப் பாத்தா 30 சதவீதம், 270 டிகிரின்னு இருக்கும். நம்ம நோட்டுல போட்ட கணக்கு நிஜ மெஷினுக்கு இவ்ளோ பக்கத்துல வர்றது இந்த சப்ஜெக்ட்ல அபூர்வம், எனக்கு தைரியம் வந்ததே அங்கதான்.

அடுத்தது சூடு. எஞ்சின்னா ஜாக்கெட் வாட்டர், ஆயில் கூலர், புகைன்னு சூடு பிரிஞ்சு பிரிஞ்சு வரும், இதுல கிட்டத்தட்ட எல்லாமே ஒரே புகைக்குழாய்ல வந்துடும். ஆனா ரெக்கூப்பரேட்டர் எவ்ளோ எடுக்குதோ அவ்ளோ உங்க ஹாட் வாட்டர்ல குறையும், ஒரே பானை சோறுதான், யாருக்கு அதிகம் போடறதுன்னுதான் கேள்வி. அதனால டர்பைன் சைஸ முடிவு பண்ணிட்டு அப்புறம் சூட்டுக்கு ஆள் தேடாதீங்க, எந்த இடத்துல எவ்ளோ சூடு வருஷம் பூரா வேணும்னு முதல்ல எழுதுங்க, பாதிப் பேர் ரிப்போர்ட் படுத்துக்கிறது இங்கதான்.

கேப்ஸ்டோன் கம்பெனியோட சி65 மைக்ரோடர்பைன எடுத்துக்கோங்க. 65 கிலோவாட், 29 சதவீதம், அப்போ எரிபொருள் 224 கிலோவாட். புகை செகண்டுக்கு 0.49 கிலோ, 309 டிகிரி. அத 90 டிகிரிக்கு இறக்கினா சுமார் 113 கிலோவாட் சூடு, மொத்தம் 79 சதவீதம். பயோகேஸ்ல மீத்தேன் 60 சதவீதம்னா ஒரு கனமீட்டர்ல 21.5 மெகாஜூல், அப்போ மணிக்கு 37, 38 கனமீட்டர், நாளுக்கு 900. ஆனா கேஸ 5 பார் கிட்ட அழுத்தித்தான் உள்ள விடணும், அந்த கம்ப்ரஸர் சாப்பிடற கரன்ட்ட கழிக்காம நெட் பவர் 65னு எழுதினா வைவால மாட்டுவீங்க. நம்ம ஊரு வெயிலும் அப்படித்தான், ரேட்டிங் எல்லாம் 15 டிகிரிக்கு, மே மாசத்துல அந்த பவர எதிர்பாக்காதீங்க.

கேஸ் கிளீனிங் சாப்டர எல்லாரும் ரெண்டு பக்கத்துல முடிச்சுடறாங்க, வெளியில இருந்து வர்ற எக்ஸாமினர் உக்காந்து கேக்கறது அதுலதான். ஹைட்ரஜன் சல்பைட இந்த மெஷின் எஞ்சினவிட நல்லா தாங்கும், ஏன்னா எஞ்சின் மாதிரி எரியற கேஸ் பட்டு கெட்டுப் போறதுக்கு இதுல லூப் ஆயில் இல்ல, கேப்ஸ்டோன்ல ஆயிலே இல்லாம ஷாஃப்ட் ஏர் பேரிங்ல சுத்துது, சி30ல நிமிஷத்துக்கு 96,000 சுத்து. ஆனா புகைய ரொம்ப கூலாக்கினா சல்ஃபர் ஆசிடா மாறி ஹீட் எக்ஸ்சேஞ்சர அரிச்சுடும், 90 டிகிரி கூட எல்லா பயோகேஸுக்கும் சேஃப் இல்ல. சிலாக்ஸேன்ங்கற சிலிகான் கலந்த கெமிக்கல் வேற கதை. ஷாம்பு, க்ரீம்ல இருந்து சாக்கடைக்கும் குப்பை மேட்டுக்கும் போய் கேஸோட கலந்து வருது, எரிஞ்சா சிலிகாவா மாறி பிளேட்லயும் ரெக்கூப்பரேட்டர்லயும் படியும். சாணி கேஸ்லயோ சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர்ல வர்ற கேஸ்லயோ இது பெரிய தலைவலி இல்ல. உங்க கேஸ் எங்கருந்து வருதுன்னு முதல் பக்கத்துலயே எழுதுங்க.

வைவால கண்டிப்பா வர்ற கேள்வி, சென்னையில கோயம்பேடு, கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துல எல்லாம் கேஸ் எஞ்சின் வச்சு கரன்ட் எடுக்கறாங்களே, உனக்கு எதுக்கு டர்பைன்? சண்டை போடாதீங்க, கரன்ட் மட்டும் வேணும்னா எஞ்சின்தான் ஜெயிக்கும்னு ஒத்துக்கோங்க. சுத்தமான சூடான புகைய நேரா டிரையர்ல விடற இடம், நாக்ஸ் (புகையில வர்ற நைட்ரஜன் ஆக்சைடு) கட்டுப்பாடு கடுமையா இருக்கற இடம், ஆயில் மாத்த ஆள் இல்லாத இடம், இது மூணுல உங்க சைட் எதுன்னு காட்டினா போதும். மார்க்கெட் எப்படின்னு கேட்டா பூசி மெழுகாதீங்க, கேப்ஸ்டோனே 2023ல திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போய் மறுசீரமைப்பு பண்ணிட்டுத்தான் வெளிய வந்துச்சு.

பிஇஇ (மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பு) எனர்ஜி ஆடிட்டர் எக்ஸாம் எழுதற ஐடியா இருந்தா இதே நம்பர்கள தூக்கிப் போடாதீங்க. பேப்பர் 2ல கோஜெனரேஷன் (சிஹெச்பிக்கு இன்னொரு பேர்) இருக்கு, அங்க கிலோகலோரில கேப்பாங்க, ஒரு கிலோவாட் மணிக்கு 860 கிலோகலோரி, அத 0.29ஆல வகுத்தா ஹீட் ரேட், அதாவது ஒரு கிலோவாட் மணி கரன்ட்டுக்கு வேண்டிய எரிபொருள் சூடு, 2966 வரும், அந்த யூனிட்டுக்கு கை பழகுற வரைக்கும் போட்டுக்கிட்டே இருங்க.